கையெழுத்தைப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் குணம் எழுதாதீர்கள்

பள்ளித் தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் திருநெல்வேலிப் பக்கம் 31 வருடம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் என் பேத்தி படிக்கும் பள்ளியில், கையெழுத்தை வைத்து ஆளுமையைக் கண்டறியும் முகாம் என்று ஒன்று நடந்தது. கோடு போடாத வெள்ளைத்தாளில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி வாங்கினார்கள். பத்து நாள் கழித்து ஆளுக்கொரு அறிக்கை வந்தது. அதற்குத் தனிக் கட்டணம். ஏழாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றி அதில் இருந்ததைச் சொல்கிறேன்: ஆங்கில 'டி'யின் (t) குறுக்குக்கோடு தாழ்ந்திருப்பதால் தன்னம்பிக்கை குறைவாம். 'ஓ'வுக்குள் (o) சுழி விழுவதால் உண்மையை மறைக்கிற இயல்பாம். அன்று ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "ஆச்சி, நான் பொய் சொல்ற பிள்ளையா?" என்று கேட்டாள். மறுநாள் அவளுடைய ரஃப் நோட்டைப் புரட்டினால், பின்பக்கத்தில் நாலு பக்கத்துக்குச் சுழி விழாத 'ஓ' எழுதிப் பழகியிருக்கிறாள்.

பிள்ளைகளைப் புரிந்துகொள்ள உதவும் என்றுதான் நீங்கள் இதற்கு இடம் கொடுத்திருப்பீர்கள். உங்கள் எண்ணத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வழியில் அது கிடைக்காது.

1870களில் பிரான்சில் மிஷோன் என்ற பாதிரியார்தான் இந்தக் குறிக்கு இந்தக் குணம் என்று பட்டியல் போட்டு, 'கிராஃபாலஜி' என்று பெயரும் வைத்தார். எல்லாம் ரோமன் எழுத்தைப் பார்த்துச் சொன்னவை. தமிழில் குறுக்குக்கோடு போடும் 'டி' கிடையாது. அதே பிள்ளை தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால் அவளுடைய தன்னம்பிக்கையை எதை வைத்து அளந்திருப்பார்கள்? நான் 'லை', 'னை' எல்லாம் இன்றும் பழைய மாதிரி, யானைத் துதிக்கை போல வளைவு போட்டுத்தான் எழுதுகிறேன். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன்னால் அரிச்சுவடி படித்தவள் என்று அதைப் பார்த்து யாராவது சொன்னால் சரிதான். பிடிவாதக்காரி என்று சொன்னால், அது அவராகக் கட்டிய கதை.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. 1989இல் நெட்டர், பென்-ஷக்கர் என்ற இரண்டு இஸ்ரேல் ஆய்வாளர்கள், வேலைக்கு ஆள் எடுக்கும்போது கையெழுத்து நிபுணர்கள் சொன்னது எவ்வளவு தூரம் பலித்தது என்று 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விண்ணப்பித்தவர் தன் வாழ்க்கையைப் பற்றித் தானே எழுதிய தாளைக் கொடுத்தபோது, நிபுணர்கள் ஓரளவுக்குச் சொன்னார்கள். ஆனால் கிராஃபாலஜி படிக்காத உளவியலாளர்களும் அதே தாள்களைப் பார்த்து அவர்களுக்குக் குறையாமல் சொல்லிவிட்டார்கள். எழுதியிருந்த சங்கதியே ஆளைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. எழுதியவரைப் பற்றி ஒன்றும் இல்லாத பொதுவான வாசகத்தைக் கொடுத்தபோது கணிப்பு நிற்கவில்லை.

"இல்லை டீச்சர், எங்கள் பிள்ளைக்கு அப்படியே பொருந்துகிறது" என்று பல பெற்றோர் என்னிடமே சொன்னார்கள். பொருந்துவது போலத்தான் இருக்கும். ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு அறிக்கை கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நாலைத் தாண்டியது. அப்புறம்தான் எல்லோருக்கும் கொடுத்தது ஒரே அறிக்கை என்று சொன்னார். அதன் வரிகளைக் கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். இதை அவர் 1949இல் வெளியிட்டார்.

2005இல் சுவிட்சர்லாந்தில் டாவோஸ் என்ற ஊரில், உலகப் பொருளாதார மாநாட்டில் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். பிரிட்டன் பிரதமர் டோனி பிளேர் உட்கார்ந்திருந்த மேசையில் கிறுக்கிய தாள் ஒன்று கிடைத்தது. பிரிட்டன் பத்திரிகைகள் அதை நிபுணர்களிடம் காட்ட, பிரதமர் மன அழுத்தத்தில் இருக்கிறார், மனம் ஒருநிலையில் இல்லை என்றெல்லாம் விளக்கம் வந்தது. கடைசியில் அது பில் கேட்ஸ் கிறுக்கியது. பிரதமர் பெரியவர், மறுத்துப் பேச அவருக்கு ஆள் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

கோர்ட்டே கையெழுத்து நிபுணரைக் கூப்பிடுகிறதே என்று முகாம் நடத்தியவர் சொன்னார். கூப்பிடுவது உண்மை. ஆனால் 2024 வரை நடப்பில் இருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் நிபுணரிடம் கேட்டது, இது இன்னாருடைய கையெழுத்தா என்பதைத்தான். எழுதியவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்கவில்லை. இரண்டும் வேறு வேலை.

கையெழுத்து எதையுமே சொல்லாது என்று நான் சொல்ல வரவில்லை. அது சொன்னதை நானே ஒருமுறை தவறவிட்டிருக்கிறேன். எட்டாம் வகுப்பில் ஒரு பையன். கோழி கிளறிய மாதிரி எழுதுவான். எழுத்து கோட்டில் நிற்காது, பாதியில் விட்டுவிடுவான். குறளை வாயால் கேட்டால் பொருளோடு மணிமணியாகச் சொல்வான். அவனைச் சோம்பேறி என்று வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் வைத்துத் திட்டினேன், ஒருமுறை இல்லை, வருடம் முழுக்க. எழுத்தாக்கக் குறைபாடு என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. இன்று 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைக் கற்றல் குறைபாடுகளில் ஒன்றாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும், சொல்வதை எழுத ஆளும் கேட்கலாம். அவனுக்கு அதெல்லாம் கிடைக்கவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். அந்த எழுத்தைப் பார்த்து நானும் ஒரு குணத்தைத்தான் படித்தேன். அதனால்தான் இந்த அறிக்கையைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கியது.

நல்ல கையெழுத்து வேண்டாம் என்று எந்தத் தமிழாசிரியையும் சொல்ல மாட்டாள். தன் மோசமான கையெழுத்துக்காகக் காந்தியே வெட்கப்பட்டு, 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். 1909இல் கப்பலில் 'இந்திய சுயராஜ்யம்' எழுதும்போது வலது கை ஓய்ந்ததும் இடது கையால் தொடர்ந்தவர் அவர். இரண்டு கைக்கும் இரண்டு விதமான எழுத்து, மனிதர் ஒருவர்தான்.

ஆகவே நான் கேட்பது இதுதான். இந்த முகாம்களை அடுத்த கல்வியாண்டிலிருந்து நிறுத்துங்கள். ஏற்கெனவே வந்த அறிக்கைகளின் நகல் அலுவலகத்தில் இருந்தால், பிள்ளையின் கோப்பில் சேர்க்காமல் அந்தந்தப் பெற்றோரிடம் கொடுத்துவிடுங்கள். எழுத்து திடீரென்று மாறுகிற பிள்ளையையும், எழுதவே திணறுகிற பிள்ளையையும் கண் மருத்துவரிடமும் சிறப்பாசிரியரிடமும் அனுப்புங்கள். அப்புறம், அறிக்கையைப் படித்துவிட்டுக் கலங்கிப்போன பிள்ளைகள் உங்கள் வகுப்புகளில் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு, அதில் இருந்தது உண்மையில்லை என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொன்னேன், என் பேத்தி முழுசாக நம்பவில்லை. பெரிய டீச்சர் சொன்னால் நம்புவாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி