ஹாங்காங்கைச் சூழ்ந்த சீனச் சுங்கம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஹாங்காங் பற்றிய தங்கள் கட்டுரை, 1841 முதல் பிரிட்டிஷ் ஆட்சியில் அது வரியில்லாத் துறைமுகமாக விளங்கியதைப் பாராட்டியதோடு நின்றுவிட்டது. அச்சலுகையால் சீனா இழந்ததையும் சொல்லியிருக்க வேண்டும். இந்தியாவில் விளைந்த அபின் அங்கே இறங்கி, பாய்மரப் படகுகளில் வரி கட்டாமல் சீனக் கரைக்குக் கடத்தப்பட்டதால்தான், அண்டைச் சீன மாகாணமான குவாங்டோங்கின் அதிகாரிகள் 1860-களின் இறுதியில் தீவைச் சுற்றிலும் சாவடிகள் அமைத்துப் படகுகளைச் சோதித்தனர். அச்சாவடிகளைப் பின்னாளில் நிர்வகித்த கவுலூன் சுங்கத்தின் பெயர் பொறித்த கல்லொன்று ஹாங்காங்கின் மா வான் தீவில் இன்றும் இருக்கிறது. அச்சோதனையை ‘முற்றுகை’ என்று ஹாங்காங் வணிகர்கள் கூக்குரலிட்டது சற்றும் நியாயமற்றது. பிரிட்டனும் சீனாவும் 1886-இல் செய்துகொண்ட அபின் உடன்பாட்டை அடுத்தே, முழுப் பெட்டிக்குக் குறைந்த அபினை ஏற்றவோ இறக்கவோ ஹாங்காங் தடை விதித்தது; 1887-இல் ராபர்ட் ஹார்ட் தலைமையிலான சீனக் கடல்சார் சுங்கத்துறை அச்சாவடிகளைப் பொறுப்பேற்றது. இவ்வரலாற்றையும் தாங்கள் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்