ஒரு கூரை, மூன்று வீடு

அன்புள்ள அம்மணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் கோத்தகிரி சிக்னலுக்குப் பாதிப் பேச்சு காற்றில் போகிறது, மீதிப் பாதியை நீ மறந்துவிடுகிறாய். அதனால் எழுதியே அனுப்புகிறேன். படித்துவிட்டு அலமாரியில் போடாதே, குஞ்சு வைக்கப்போகும் அறைச் சுவரிலேயே ஒட்டு.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் உன்னிடம் மூன்று வயதில் குஞ்சுகள் சேரப்போகின்றன. லைன் வீட்டு அக்கா கொடுத்த 6 குஞ்சுக்கு ஒன்றரை மாதம். சந்தையில் வாங்கிய 12 குஞ்சுக்கு மூன்று வாரம் இருக்கும். அது போதாதென்று மாப்பிள்ளை நாமக்கல்லில் ஒரு நாள் குஞ்சு 30 சொல்லிவைத்திருக்கிறார், வெள்ளிக்கிழமை வந்துவிடும். எல்லாவற்றையும் பழைய ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டிக்குள் ஒரே பல்புக்குக் கீழே விடலாமா என்று கேட்கிறாய். கூடாது. கூரை ஒன்றாக இருக்கலாம், வீடு மூன்றாக இருக்க வேண்டும்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா பழைய பிடிவாதம் பிடிக்கிறாள் என்பாய். ஒரு நாள் குஞ்சின் உடம்பில் இருப்பது மெல்லிய ரோமம்தான், இறகு இல்லை. முதல் பத்துப் பதினைந்து நாளைக்குத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு முடியாது. சுற்றிலும் 35 டிகிரி இருந்தால்தான் தின்னும், குடிக்கும், நடமாடும். பண்ணைக்காரர்கள் பாரன்ஹீட்டில் 95 என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரியாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். அந்தக் கணக்கில் மூன்று வாரக் குஞ்சுக்கு 26, 27 போதும். ஒன்றரை மாதக் குஞ்சுக்கு இறகு மூடியிருக்கும், பல்பே வேண்டாம். அதைக் கொண்டுபோய் 35 டிகிரியில் அடைத்தால் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், அந்த எரிச்சலில் பக்கத்தில் இருப்பதைக் கொத்தும். ஒரு சொட்டு ரத்தம் தெரிந்துவிட்டால் மற்றவையும் அந்த இடத்தையே குறிவைக்கும். பெரியதுக்குத் தோதான சூட்டில் சின்னதை விட்டாலோ குளிரில் ஒடுங்கிவிடும். போதாக்குறைக்குப் பெரியவை சின்னதை மிதித்துக்கொண்டுதான் தீவனத்துக்கு ஓடும்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாதது, ரத்தக் கழிச்சல். வளர்ந்த குஞ்சு அந்தக் கிருமியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பழகியிருக்கும். தனக்கு ஒன்றும் ஆகாமல் எச்சத்தில் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதே கூளத்தைக் கிளறித் தின்னும் சின்னதுதான் சில நாளில் கழுத்தைச் சுருக்கி, இறக்கையைத் தொங்கப்போட்டு நிற்கும். நம் ஊர்ப் பெரிய பண்ணைகளில் ஒரு ஷெட்டுக்குள் ஒரே வயதுக் குஞ்சை மட்டும் இறக்குகிறார்கள், பார்த்திருப்பாய். அவை மொத்தமாக வெளியே போன பிறகு கழுவி, சுண்ணாம்பு அடித்து, கொஞ்ச நாள் வெறுமனே போட்டுவைத்துத்தான் அடுத்ததை இறக்குவார்கள். இதற்காகத்தான் அந்தப் பாடு. உன்னிடம் இருப்பதில் எனக்குச் சந்தேகமெல்லாம் சந்தைக் குஞ்சு மேல்தான். எந்த ஊர்க் கூடையில் எதோடு கிடந்து வந்ததோ!

சரி, வெள்ளிக்கிழமைக் குஞ்சுக்கு வருவோம், அதுதான் அவசரம்.

பெட்டியைப் பெட்டியாகவே வைக்காதே. குளிர் அடித்தால் குஞ்சுகள் மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் செத்துப்போகும். பெட்டியைப் பிரித்து, ஒன்றரை அடி உயரப் பட்டைகளாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து வட்டமாகக் கட்டு. 30 குஞ்சுக்கு முதல் நாளில் நாலடிக் குறுக்களவு போதும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டைத் தளர்த்தி வட்டத்தைப் பெரிதாக்கு. இளைய குஞ்சுக்குத் தலைக்கு அரைச் சதுர அடி, ஒரு மாதம் தாண்டினால் ஒரு சதுர அடி என்று வைத்துக்கொள். நெருக்கம்தான் பாதிச் சண்டைக்குக் காரணம்.

உங்கள் வீட்டு சிமெண்ட் தரை ஜில்லென்று இருக்கும். அடியில் சாக்கை விரித்து, மேலே மூன்று அங்குலம் உமி போடு. அதன்மேல் நாலைந்து அடுக்கு செய்தித்தாள், தினமும் மேல் தாளை மட்டும் எடுத்துவிடலாம். வழவழப்பான விளம்பரத் தாள் வேண்டாம், கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்துகொள்ளும், அப்படியே ஊனமாகிவிடும். நாலு நாளில் தீவனம் எது, உமி எது என்று குஞ்சுக்குத் தெரிந்துவிடும், அப்புறம் தாளே தேவையில்லை.

பல்பு என்று கடையில் கேட்டால் எல்இடியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் வெளிச்சம் வரும், சூடு வராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும். குஞ்சுக்கு 2 வாட் என்பது நம் ஊர்க் கணக்கு, 30 குஞ்சுக்கு 60 வாட் ஆகிறது. மார்கழி ராத்திரியில் 10 டிகிரி வரைக்கும் இறங்குகிற மலையில் அது பத்தாது. 60 வாட்டில் இரண்டு போடு. 100 வாட் ஒன்றாகப் போட்டால், நடுராத்திரியில் அது ஃபியூஸ் போனால் விடிவதற்குள் கதை முடிந்துவிடும். தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை அடி உயரத்தில் தொங்கட்டும். மேலே பழைய அலுமினியத் தட்டைக் கவிழ்த்துக் கட்டினால் சூடு கீழே திரும்பும். ஒயரை நம்பித் தொங்கவிடாதே, கம்பியால் உத்தரத்தில் கட்டு. பல்பு உமியில் விழுந்தால் நெருப்புதான். வட்டத்தின் நட்டநடுவில் இல்லாமல் கொஞ்சம் ஒரு பக்கமாக வைத்தால், சூடு வேண்டியது அடியில் வரும், வேண்டாதது விலகி நிற்கும். குஞ்சு வருவதற்கு அரை நாள் முன்னாலேயே பல்பைப் போட்டுவிடு. காற்று சூடானால் மட்டும் போதாது, உமியும் சூடாக வேண்டும்.

வெப்பமானி வாங்கினாய் என்றால் குஞ்சின் முதுகு உயரத்தில், உமிக்கு இரண்டு அங்குலம் மேலே வை. சுவரில் மாட்டினால் அது உனக்குத்தான் கணக்குச் சொல்லும், குஞ்சுக்கு இல்லை. உண்மையில் வெப்பமானியைவிடக் குஞ்சைப் பார்ப்பதுதான் நல்லது. பல்புக்கு அடியில் குவிந்து, ஓயாமல் உச்சக் குரலில் கீச்சிட்டால் குளிர்கிறது, பல்பை இறக்கு. அட்டையோரம் போய் இறக்கையை விரித்து வாயைத் திறந்திருந்தால் சூடு அதிகம், ஏற்று. எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து எங்கோ காற்று வருகிறது, இடுக்கைத் தேடி அடை. அங்கங்கே பரவி, சில தின்ன, சில கால் நீட்டித் தூங்க, சத்தம் வெறும் முணுமுணுப்பாக இருந்தால் நீயும் போய்ப் படுக்கலாம். படுக்கும் முன்னால் இரண்டு குஞ்சை எடுத்து அதன் பாதத்தை உன் கன்னத்தில் வைத்துப் பார். ஜில்லென்று இருந்தால் தரை இன்னும் குளிர்கிறது என்று பொருள். கழுத்தடியில் இரை தங்கும் பையையும் விரலால் தொட்டுப் பார். வந்த அன்று ராத்திரி அது மெத்தென்று நிறைந்திருக்க வேண்டும். காலியாக இருந்தால் அந்தக் குஞ்சு இன்னும் தீவனத்தைக் கண்டுபிடிக்கவில்லை.

வந்து இறங்கியதும் முதலில் தண்ணீர், அப்புறம்தான் தீவனம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து, ஒவ்வொன்றின் அலகையும் ஒருமுறை நனைத்துவிடு. தட்டில் கூழாங்கல் போட்டு வை, இல்லாவிட்டால் உள்ளே இறங்கி நனைந்து விறைத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துத் தாள்மேலேயே மக்காச்சோளக் குருணையைத் தூவு. இரண்டாம் நாளிலிருந்து குஞ்சுத் தீவனம். இந்த ஒரு விஷயத்தில் மூன்று வயதுக்கும் ஒரே மூட்டை போதும், இரண்டு மாதம் வரைக்கும் எல்லாம் அதையே தின்னலாம். முட்டைக்கோழித் தீவனத்தை மட்டும் காட்டாதே, அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பயணத்தில் அலுத்து வந்த குஞ்சுக்குப் பின்பக்கம் எச்சம் ஒட்டி அடைத்துக்கொள்ளும். பிய்த்து இழுக்காதே, வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடை.

சந்தைக் குஞ்சுக்கு அதே அறையின் எதிர் மூலையில் இடம் போதும், நடுவில் நன்றாக இடைவெளி விடு. அந்த மூலைக்கும் அட்டையை வளைத்து வைத்துவிடு. வலை மட்டும் கட்டினால் பத்தாது, கீழ் ஒரு அடிக்குத் தகரமோ பலகையோ வேண்டும், அந்தப் பக்கத்து உமி இந்தப் பக்கம் சிதறக் கூடாது. ஒரு முனையில் 40 வாட் பல்பு, மறுமுனை இருட்டு. வெயில் அடிக்கும் பகலில் அணைத்துவிடு, ராத்திரி போடு. திடீரென்று ஒரே நாளில் நிறுத்தாமல், ஒரு வாரத்தில் மெல்ல மெல்ல மறக்கடி.

பெரிய குஞ்சு ஆறும் அறைக்கே வேண்டாம், பின் தாழ்வாரத்துக்குப் போகட்டும். ராத்திரி பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே சாக்கைப் போட்டு, கல் ஒன்றை ஏற்றி வை. உங்கள் ஊரில் சிறுத்தையே வாசலுக்கு வருகிறது, கீரிப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கூளம் மட்டும் காய்ந்து இருக்கட்டும்.

குளிருக்குப் பயந்து அறையைத் தார்ப்பாயால் மூச்சு விடாமல் மூடிவிடுவாய் என்றுதான் எனக்குப் பயம். கீழே காற்று அடிக்கக் கூடாது, மேலே காற்று போக வேண்டும். காலையில் கதவைத் திறந்ததும் மூக்கில் நெடி ஏறினால் குஞ்சு ராத்திரி முழுக்க அதைத்தான் சுவாசித்திருக்கிறது. மலையில் பனி ஈரத்துக்கு உமி சீக்கிரம் கட்டியாகிவிடும். தினமும் கிளறிவிடு, ஈரமானதை அள்ளி எறி.

கரண்ட் போனால் கரி அடுப்பை உள்ளே கொண்டுபோகாதே. மூடிய அறையில் கரிப்புகை குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் படுத்திருக்கும் மனுஷரையும் கொல்லும். தூக்குப்போசியில் கொதித்த தண்ணீரை ஊற்றி, இறுக மூடி, பழைய சேலையைச் சுற்றி வட்டத்தின் நடுவில் வை. குஞ்சுகள் அதைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். ஆறிப்போனதும் மாற்ற வேண்டும், அதற்குத்தான் மாப்பிள்ளை இருக்கிறார்.

காலையில் தீவனம் வைக்கப் போகும்போது சின்னதிலிருந்து பெரியதுக்குப் போ. சந்தைக் குஞ்சைத் தொட்ட கையோடு, அங்கே மிதித்த செருப்போடு சின்னதிடம் திரும்பி வராதே. கிண்ணம், தட்டு எதையும் மாற்றிப் பயன்படுத்தாதே.

வெள்ளைக் கழிச்சல் நோய் வராமலிருக்க ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்து போட வேண்டும், நாலாவது வாரம் மறுபடியும். ஒரு குப்பியில் 100 குஞ்சுக்கான மருந்து இருக்கும், உடைத்துக் கரைத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும். உனக்கு வசதியாக, சின்னதுக்கு ஏழாம் நாள் ஆகும் அதே வாரத்தில்தான் சந்தைக் குஞ்சுக்கு நாலு வாரம் தாண்டுகிறது, ஒரே குப்பியில் இரண்டும் முடியும். அங்கேயும் சின்னதுக்கு முதலில். ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில்தான் வாங்கி வர வேண்டும். பதினாலாம் நாள் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து, பெரிய ஆறுக்கு என்ன போடுவது, இதையெல்லாம் கால்நடை மருந்தகத்தில் டாக்டரிடம் கேட்டுக்கொள்.

அடைக்கோழி ஒன்று அனுப்பட்டுமா என்று அப்பா கேட்டார். அடை உட்கார்ந்து இரண்டு மூன்று வாரம் ஆன கோழியாக இருந்தால், ராத்திரி இருட்டில் ஒரு நாள் குஞ்சை அதன் அடியில் நுழைத்துவிட்டால் விடியும்போது தன்னுடையது என்றே நினைத்துக்கொள்ளும். பல்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஆனால் அது பன்னிரண்டு, பதினைந்துக்குமேல் மூடாது, மூன்று வாரக் குஞ்சைச் சேர்க்கவும் சேர்க்காது, கொத்தித் துரத்தும். பஸ்ஸில் அடைக்கோழியைக் கொண்டுபோனால் வழியிலேயே அடை கலைந்துவிடும். அதனால் வேண்டாம் என்றுவிட்டேன். அடுத்த முறைக்கு உன் கோழியே உட்காரும்.

எப்போது ஒன்றாக விடலாம் என்றால், சின்னதுக்கும் இறகு மூடி, பல்பு இல்லாமல் ராத்திரி தாங்கிய பிறகு. அதுவரை பொறு. அப்போதும் ஒரு வாரம் நடுவில் கம்பி வலை மட்டும் வைத்து ஒன்றையொன்று பார்க்க விடு. பிறகு யாருக்கும் சொந்தமில்லாத புது இடத்தில் மூன்றையும் ஒரே நேரத்தில் இறக்கு. தீவனத் தட்டை இரண்டு மூன்று இடத்தில் வை. சின்னது மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் துரத்தினால் ஓடி ஒளிய இடம் இருக்கும். கொத்துப்பட்டதை உடனே தனியே எடுத்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் போடு, ஆறும்வரை திரும்ப விடாதே.

அப்பா வியாழக்கிழமை மேட்டுப்பாளையம் வந்து அங்கிருந்து மலைபஸ் ஏறுகிறார். உமி இரண்டு மூட்டை, குண்டு பல்பு ஆறு, பஞ்சாரம் ஒன்று கொடுத்துவிடுகிறேன். உமிக்கு லக்கேஜ் கேட்டால் கண்டக்டரிடம் தகராறு செய்வார், முன்கூட்டியே போன் போட்டு வாயை மூடிக்கொண்டு காசைக் கொடுக்கச் சொல். அவர் வருவதற்குள் வட்டத்தைக் கட்டி வை. இந்த முப்பதும் வளர்ந்து வெளியே போகும்வரை புதுசாக ஒரு குஞ்சுகூட வாங்கக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகவே சொல்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: பாப்பா குஞ்சைத் தூக்கிக் கொஞ்சுவாள், வேண்டாம் என்றால் கேட்கவும் மாட்டாள். தரையில் உட்காரவைத்து மடியில் விடு, இறுக்கிப் பிடிக்க விடாதே. முத்தம் கொடுக்க வேண்டாம். கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் பிஸ்கட்.