நிறுத்தத்தில் நேரம் எழுதி வையுங்கள்

ஆசிரியருக்கு,

பேருந்து, மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே செயலியில் பயணச்சீட்டு எடுப்பது பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மணலி போன்ற வடசென்னைப் பகுதிகளில் சீட்டு எடுப்பது சிரமமே இல்லை. எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவது என்பதுதான் பெரும்பாடு. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்டப் பேருந்தைப் பிடிக்க நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டியிருக்கிறது. விம்கோ நகர் போய்விட்டால் விமான நிலையம் வரை மெட்ரோ உண்டு, அதில் கவலையில்லை. அதற்கு முன்னும் பின்னும்தான் கணக்கு தப்புகிறது.

சென்ற மாதம் அம்மாவை ஊருக்கு அனுப்பக் கிளம்பினேன். நான்கு நிமிடத்தில் பேருந்து என்று கைபேசி காட்டியது. கொஞ்ச நேரத்தில் அந்த வண்டியே திரையிலிருந்து மறைந்துவிட்டது. சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரிகள். முக்கால் மணி நேரம் அம்மா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "இப்போதைக்கு வராதும்மா, ஷேர் ஆட்டோவில் போயிடுங்க" என்று கடைக்காரர்தான் சொன்னார். அந்த ஒரு தகவல் முன்பே கிடைத்திருந்தால் முன்பதிவு செய்த பேருந்தைத் தவறவிட்டிருக்க மாட்டோம். பேருந்து ரத்தானாலோ நெரிசலில் சிக்கினாலோ செயலி அதை உடனே சொல்ல வேண்டும். அப்புறம், கைபேசி பார்க்கத் தெரியாத முதியவர்களுக்காக, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தட எண், முதல் வண்டி, கடைசி வண்டி நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

- வாசகர், மணலி