இரண்டாவது மெஷின் எதற்கு?

அன்பு மகளுக்கு,

"இருக்கிற லெப்டொப் நல்லாத்தானே ஓடுது, இன்னொன்று எதற்கு?" என்று மருமகன் கேட்பதாக எழுதியிருந்தாய். நியாயமான கேள்வி. ஓடுகிற வரைக்கும் ஒன்று தாராளமாகப் போதும். ஓடாமல் போகிற அன்றைக்குத்தான் இரண்டாவது வேண்டும்.

கீபோர்டோ பேட்டரியோ போனால் ஹட்டனிலோ கண்டியிலோ மாற்றிக்கொள்ளலாம். போர்டில் ஒரு சிப் போய்விட்டால் கொழும்புக்கு அனுப்பச் சொல்வார்கள். அங்கே பார்த்து, பார்ட்ஸ் வந்து, மாட்டி, நுவரெலியாவுக்குத் திரும்பி வர இரண்டு கிழமை ஆனாலும் ஆச்சரியமில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது போல ரோடும் ரயில் பாதையும் சரிந்து கிடந்தால் அந்தக் கணக்கும் செல்லாது. நீ சூமில் நடத்தும் வகுப்புப் பிள்ளைகளின் உயர்தரப் பரீட்சை அதுவரை காத்திருக்காது. மருமகனிடம் இதைச் சொல்லு, மற்றது தானாகப் புரியும்.

ஆனால் இன்னொரு புது லெப்டொப் வாங்கிவிடாதே. ஒன்றைக் கொல்லுகிற காரணம் மற்றதைக் கொல்லக்கூடாது. லெப்டொப் கீழே விழும், தேத்தண்ணி கொட்டும், பேட்டரி ஊதும், சார்ஜர் சொருகும் துளை ஆடிப்போகும். மேசையில் அசையாமல் கிடக்கும் டெஸ்க்டொப்புக்கு இது எதுவும் வராது. அதற்கு எமன் கரண்ட். லெப்டொப்போ கரண்ட் போனாலும் இரண்டு மூன்று மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினார்களே, அப்படி ஒரு காலத்தில் டெஸ்க்டொப் மட்டும் வைத்திருப்பவர் கைகட்டி உட்கார வேண்டியதுதான். ஆகவே இரண்டும் இரண்டு சாதியாக இருக்கட்டும்.

கம்பெனிகளில் பாவித்து விற்கிற சின்னக் கேஸ் டெஸ்க்டொப் போதும். டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர், எது கிடைத்தாலும் பரவாயில்லை. பெயரை விட உள்ளே இருக்கும் பிராசசரின் இலக்கத்தைப் பார். ஐ5 8500 என்றால் எட்டாம் தலைமுறை. 6500, 7500 என்றால் ஆறும் ஏழும். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் முறைப்படி ஏறாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கும். ஆறும் ஏழும் மலிவாகக் கிடைப்பதன் இரகசியம் அதுதான். கடைக்காரர் "விண்டோஸ் 11 போட்டே தாறேன்" என்பார். அந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டி ஏற்ற வழி இருக்கிறது. ஆனால் பிறகு வரும் பெரிய புதுப்பிப்புகளில் எப்போது மக்கர் பண்ணும் என்று யாரும் சொல்ல முடியாது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடுவதாக இருந்தால் ஆறாம் தலைமுறையே போதும். உலாவி, சூம், லிப்ரே ஒபிஸ் எல்லாம் நன்றாக ஓடும்.

கடையில் வைத்தே பார்க்க வேண்டியவை சில. முதலில் பயோஸுக்குள், அதாவது விண்டோஸ் வருமுன் திறக்கும் மெஷினின் அமைப்புப் பக்கத்துக்குள், போய்ப் பார். மெஷினைப் போட்டவுடன் அழுத்த வேண்டியது: டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1. பாஸ்வேர்ட் கேட்டால் அந்த மெஷின் வேண்டாம், பழைய கம்பெனி பூட்டியது, திறக்க அலைய வேண்டும். கேஸைத் திறக்கச் சொல்லி, போர்டில் நிற்கும் சின்ன உருளைகளின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்று பார். 8 ஜிபி ராம் ஒரே குச்சியாக இருந்து பக்கத்துத் துளை காலியாக இருந்தால் நல்லது, பிறகு இன்னொன்று சேர்க்கலாம். லெப்டொப் ராம் இதற்குப் பொருந்தாது, அது குட்டை. கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்டி டிஸ்க்கின் ஆரோக்கியத்தை கிறிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் காட்டச் சொல். கடைசியாக ஒரு யூடியூப் வீடியோவை இருபது நிமிடம் ஓடவிட்டு மின்விசிறிச் சத்தத்தைக் கவனி. இந்தச் சின்னக் கேஸ்களில் பவர் சப்ளை அந்தந்தக் கம்பெனியின் சொந்த அளவில் வரும். கடையில் தொங்கும் சாதாரண பவர் சப்ளை உள்ளே நுழையாது, வயர் முனையும் பொருந்தாது. கரகரவென்று கத்தினால் இன்னொன்றைக் காட்டச் சொல்.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு பலர் தலையில் கைவைப்பது மூன்று விஷயங்களுக்கு. பின்பக்கம் எச்டிஎம்ஐ இல்லாமல் போகலாம். பல மொடல்களில் டிஸ்பிளே போர்ட் மட்டும்தான். அதிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிள் வாங்க வேண்டும். அந்தக் கேபிள் ஒருவழிப் பாதை: டிஸ்பிளே போர்ட் முனை கொம்பியூட்டருக்கு, எச்டிஎம்ஐ முனை மொனிட்டருக்கு. மாற்றிச் சொருகுகிற விதமாக வாங்கினால் படம் வராது. இரண்டாவது, வைஃபை பெரும்பாலும் இருக்காது. யுஎஸ்பியில் சொருகும் சின்ன வைஃபை வாங்கு. மூன்றாவது உனக்குத்தான் முக்கியம்: கேமராவும் மைக்கும் இல்லை. மைக்குடன் வரும் யுஎஸ்பி வெப்கேம் ஒன்று எடுத்துவிடு, அது லெப்டொப்பிலும் வேலை செய்யும். மெஷின் விலையோடு இந்த மூன்றையும் கூட்டிப் பார்த்துத்தான் மலிவா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும்.

இனி கரண்ட். முதலில் எர்த். உலோகக் கேஸில் புறங்கையை வைத்தால் மெல்லச் சுள்ளென்று இழுக்கிறதா? அப்படியென்றால் அந்த பிளக் பொயின்டில் எர்த் இல்லை. பவர் சப்ளைக்குள்ளே இரைச்சலை வடிகட்டும் சின்ன மின்தேக்கிகள் கேஸோடு இணைந்திருக்கும். எர்த் வயர் இருந்தால் அவற்றில் கசிவது மண்ணுக்குப் போகும், இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதி அளவு கேஸில் நிற்கும். கரண்ட் அளவு மிகச் சிறியது, சாதாரணமாக ஆளைக் கொல்லாது. ஆனால் யுஎஸ்பி போர்ட்டைக் கெடுக்கலாம். தோட்டத்துப் பழைய லயன் வீடுகளிலும் பிறகு சேர்த்துக் கட்டிய அறைகளிலும் மூன்று துளை பிளக் பொயின்ட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. வயரிங் வேலை செய்யும் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு எர்த் கம்பி நிலத்தில் ஒழுங்காக இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல். எர்த் இல்லாத இடத்தில், கரண்ட் திடீரென எகிறும்போது காக்கும் சர்ஜ் புரொடெக்டர் வாங்குவது பாதிக் காசைக் குப்பையில் போடுவது மாதிரி.

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரத்தில் இடி மின்னல் வரும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். இரண்டு மெஷினையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகி வைக்காதே. லேன் கேபிளால் இரண்டையும் இணைக்கவும் வேண்டாம். மின்னல் ஒன்றில் நுழைந்தால் அந்தக் கேபிள் வழியே அடுத்ததுக்கும் போகும், அப்புறம் எதற்கு இரண்டு வாங்கினோம்? வைஃபையே போதும்.

டெஸ்க்டொப்புக்கு 650 விஏ யுபிஎஸ் ஒன்று போதும். வகுப்பை முழுதாக ஓட்ட அல்ல; எழுதியதைச் சேமித்து, பிள்ளைகளிடம் சொல்லி, லெப்டொப்புக்கு மாறப் பத்து நிமிடம் கிடைக்கும். உள்ளே 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் அது செத்துவிடும், யுபிஎஸ்ஸைத் தூக்கிப் போடாமல் பேட்டரியை மட்டும் மாற்று. லேசர் பிரின்டரை யுபிஎஸ்ஸில் சொருகாதே. சூடேறும் போது ஒரேயடியாக இழுத்து யுபிஎஸ்ஸை விழுத்திவிடும். ரவுட்டருக்குத் தனியாக 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் வாங்கிவிடு. லெப்டொப்பில் பேட்டரி இருந்து ரவுட்டரில் கரண்ட் இல்லாவிட்டால் வகுப்பு எப்படி நடக்கும்?

உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். குளிரை விட ஈரம்தான் மோசம். டெஸ்க்டொப்பைத் தரையில் வைக்காதே, சுவரை ஒட்டியும் வைக்காதே. பொலித்தீன் உறை போட்டு மூடினால் ஈரம் உள்ளே அடைபட்டுத் துரு பிடிக்கும். பருத்தித் துணி போதும். கிழமைக்கு ஒரு தடவை ஒரு மணித்தியாலம் ஓடினால் தன் சூட்டிலேயே காய்ந்துவிடும். பனியில் குளிர்ந்த லெப்டொப்பை அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டு வந்தவுடன் போடாதே. அரை மணித்தியாலம் பையிலேயே கிடக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும்.

இப்போது பலர் ஏமாறுகிற இடத்துக்கு வருகிறேன். இரண்டாவது மெஷின் இருப்பதால் உன் பாடக்குறிப்புகள் பத்திரம் என்று நினைத்துவிடாதே. சின்க்திங் என்ற இலவச மென்பொருளை இரண்டிலும் போட்டால் ஒரே கோப்புறை இரண்டிலும் ஒன்றாக இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும். அதனால் டெஸ்க்டொப் பக்கத்தில் அந்தக் கோப்புறைக்குப் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதியை இயக்கிவிடு. அதற்கு மேல் வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்று உன் அல்மாரியில், மற்றது வேறு ஊரில். மண்சரிவு எச்சரிக்கை வந்து வீட்டை விட்டு இறங்கும்போது பிள்ளையைத் தூக்குவாயா, டெஸ்க்டொப்பைத் தூக்குவாயா?

இன்னொன்று. விண்டோஸ் 11 லெப்டொப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் பெரும்பாலும் அதுவாகவே டிஸ்க்கைப் பூட்டிவிடும். போர்ட் செத்த பிறகு எஸ்எஸ்டியைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு டெஸ்க்டொப்பில் சொருகினால் 48 இலக்கச் சாவி ஒன்று கேட்கும். அது இல்லாமல் யாராலும் திறக்க முடியாது. கணக்கின் பக்கத்தில் பிட்லொக்கர் மீட்புச் சாவி என்று இருக்கும், இன்றைக்கே அச்செடுத்து அல்மாரியில் வை. சில மெல்லிய லெப்டொப்களில் எஸ்எஸ்டி போர்டிலேயே ஒட்டியிருக்கும், கழற்றவே வராது. உன்னுடையது எது என்று கடையில் ஒரு தடவை திறக்கும்போது பார்த்துக்கொள்.

தூங்குகிற மெஷின் தேவைப்படும் அன்றைக்கு எழும்பாது. மாதா மாதம் பௌர்ணமிப் போயா லீவுக்கு டெஸ்க்டொப்பைப் போட்டு, புதுப்பிப்பெல்லாம் இறக்கி, ஒருமுறை மறுதொடக்கம் செய்து, சூமில் நுழைந்து கேமராவும் மைக்கும் பார்த்துவிட்டு அணை. மூன்று மாதம் போடாமல் விட்டால் வகுப்புக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது "புதுப்பிக்கிறேன், அணைக்க வேண்டாம்" என்று நிற்கும்.

மின்னலுக்குப் பயந்து பிளக்கைக் கழற்றி வைப்பதில் ஒரு விலை இருக்கிறது. கரண்ட் இல்லாதபோது மெஷினின் கடிகாரம் போர்டில் உள்ள காசு போன்ற சிஆர் 2032 பேட்டரியில்தான் ஓடும். அது தீர்ந்தால் திகதி பல வருடம் பின்னுக்குப் போகும். அப்போது உலாவி எந்தத் தளத்தையும் "பாதுகாப்பற்றது" என்று திறக்க மறுக்கும். ஆட்கள் இன்டர்நெட் போய்விட்டது என்று ரவுட்டரோடு சண்டை பிடிப்பார்கள். திரையின் மூலையில் திகதியைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். மாற்றுவது லேசு: பிளக்கைக் கழற்று, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்து, கேஸின் உலோகத்தைத் தொட்டுக்கொள், பக்கத்துக் கொக்கியைத் தள்ளினால் பேட்டரி துள்ளி வரும், புதியதைக் கூட்டல் குறி மேலே தெரிய அழுத்து. பிறகு பயோஸில் திகதியைச் சரிசெய். பேட்டரி தீரும்போது பயோஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குப் போகலாம். சில டெல் மொடல்களில் டிஸ்க் முறை ஏஎச்சிஐயிலிருந்து ரெய்டுக்கு மாறி, விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். எஸ்எஸ்டி போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கிவிடாதே, திரும்ப ஏஎச்சிஐக்கு மாற்றினால் எழும்பும். வாங்கிய அன்றே பயோஸ் பக்கங்களைப் போனில் படம் பிடித்து வை.

பாமினி எழுத்துருவை மறக்காதே. பழைய வினாத்தாள்கள் பாதி அதில்தான் அடித்தவை. எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். பிரின்டரின் டிரைவரையும் இரண்டிலும் போட்டு ஒரு பக்கம் அச்செடுத்துப் பார்.

சும்மா கிடக்கும் நாட்களிலும் அதற்கு வேலை உண்டு. பிள்ளைகள் கொண்டு வரும் பென் டிரைவ் எல்லாம் டெஸ்க்டொப்பில் மட்டும் சொருகப்படட்டும், அதுவும் லினக்ஸ் என்றால் இன்னும் நல்லது. கோப்புறைகளை ஒளித்துவிட்டு அதே பெயரில் ஷோர்ட்கட் வைக்கும் வைரஸ் விண்டோஸுக்காக எழுதியது, லினக்ஸில் ஒன்றும் செய்யாது. அது ஒளித்து வைத்த உண்மையான கோப்புறைகள் அங்கே அப்படியே தெரியும், பிள்ளையின் வேலையும் தப்பும். வங்கி வேலையும் மருமகனின் கணக்குகளும் லெப்டொப்பில் மட்டும். சின்னவனின் கேம் டெஸ்க்டொப்பில்.

மூன்றாவது ஒன்று வேண்டாம். பராமரிக்க உனக்கு நேரமில்லை, அதைத் துடைக்கவும் ஆளில்லை.

தீபாவளிக்கு வரும்போது ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டு வா, இங்கே ஹட்டனில் என் அல்மாரியில் சேலைகளுக்கு நடுவே வைக்கிறேன். பொங்கலுக்கு மற்றதைக் கொண்டு வந்து இதை எடுத்துப் போ. மேலே பெயரும் திகதியும் எழுதி ஒட்டிவிடு, தம்பி படம் இறக்க எடுத்துவிடப் போகிறான்.

அன்புடன்,
அம்மா