ஒரு ரூபாய் கட்டினால் பார்க்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் வந்தால் வேட்பாளர்களின் சொத்துக் கணக்கைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் போடுகின்றன. யாரிடம் எத்தனை பவுன், எந்தக் கோடீஸ்வரருக்குச் சொந்தமாகக் கார் இல்லை என்பதெல்லாம் டீக்கடை வரை வந்துவிடுகிறது. வாக்கு எண்ணிக்கை முடிந்தபின் அதே வேட்பாளர்கள் இன்னொரு கணக்குக் கொடுக்கிறார்கள். தேர்தல் செலவுக் கணக்கு. அதை யாரும் சீண்டுவதில்லை. என்னைக் கேட்டால், சொத்துக் கணக்கைவிட அதில்தான் சரக்கு அதிகம்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77, 78 பிரிவுகளின்படி, வேட்புமனு போட்ட நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை ஆன செலவை, முடிவு வந்த 30 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். சென்னையின் 16 தொகுதிகளுக்கும் மாநகராட்சி ஆணையர்தான் அந்த அலுவலர். ஆக, கணக்குகள் வந்து சேரும் இடம் ரிப்பன் மாளிகை. கணக்கு வந்த இரண்டு நாட்களுக்குள், யார் கொடுத்தார், எங்கே எப்போது பார்க்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். தேர்தல் நடத்தை விதிகள் 1961இன் 88ஆவது விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஒரு ரூபாய் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சான்றிட்ட நகல் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம். மாநகரப் பேருந்தில் ஒரு ஸ்டேஜ் போகக்கூட ஒரு ரூபாய் போதாது.

என்ன பார்ப்பது? முதலில் மொத்தத் தொகை. சட்டமன்றத் தொகுதிக்கு உச்சவரம்பு 2014இல் 28 லட்சம், 2020இல் 30.8 லட்சம், 2022 ஜனவரியில் 40 லட்சம் ரூபாய். இரண்டு லட்சம் வாக்காளர் உள்ள தொகுதி என்றால் தலைக்கு 20 ரூபாய். ஒரு டீ, ஒரு பிஸ்கட். அதைக்கூட முழுதாகச் செலவிடவில்லை என்று கணக்கு எழுதுகிறவர்கள் உண்டு. தெருவுக்குத் தெரு ஓடிய ஸ்பீக்கர் ஆட்டோக்களைப் பார்த்தவர்கள் இதை நம்ப வேண்டுமாம்.

அடுத்தது பூத் செலவு. பொய்க் கணக்கு சுலபமாக மாட்டும் இடம் இது. ஒரு வாக்குச்சாவடிக்கு 1,200 வாக்காளர் என்று வைத்தால், இரண்டு லட்சத்துக்குக் குறைந்தது 167 சாவடி. உள்ளே ஒரு ஏஜென்ட், வெளியே மேசை போட்டு உட்காரும் இருவர், ஆக மூன்று பேர். மொத்தம் 501 ஆட்கள். காலை டிபன், மதியம் பிரியாணி, டீ, பேட்டா எல்லாம் சேர்த்து ஆளுக்கு 500 ரூபாய் என்று கஞ்சத்தனமாகப் போட்டாலும் 2,50,500 ரூபாய். அதுவும் ஒரே ஒரு நாளுக்கு. இந்த வரி கணக்கில் இருக்கிறதா, எவ்வளவு என்று பாருங்கள். "எல்லாரும் தொண்டர்கள், சொந்தக் காசில் சாப்பிட்டார்கள்" என்பதுதான் வழக்கமான பதில். தொண்டர் கூலி வாங்காமல் இருக்கலாம். பிரியாணிக் கடைக்காரர் தொண்டர் இல்லையே.

விலையைக் குறைத்து எழுதுவது அவ்வளவு சுலபமில்லை. நாற்காலி, ஷாமியானா, மைக் செட், சால்வை, டீ என எல்லாவற்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலரே விலைப்பட்டியல் போட்டுவிடுகிறார். எனவே குறைவது எண்ணிக்கைதான். ஆயிரம் நாற்காலி போட்ட கூட்டம் பதிவேட்டில் இருநூறு ஆகிவிடும். வேட்பாளரின் பதிவேட்டில் மூன்று நிறத் தாள்கள் உண்டு: அன்றாடச் செலவுக்கு வெள்ளை, ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். அதிகாரிகள் தரப்பில் வீடியோ பார்த்து எழுதும் நிழல் பதிவேடு ஒன்று தனியாக இருக்கிறது. பிரசாரக் காலத்தில் மூன்று முறையாவது இரண்டையும் ஒப்பிட வேண்டும். வீடியோ எடுப்பவர் எந்தத் தெருவுக்குப் போனாரோ அந்தத் தெருதான் நிழல் பதிவேட்டில் வரும். மற்ற தெருக்களின் கிரேன் மாலையும் பத்தாயிரம்வாலா சரமும் காற்றோடு போச்சு.

துண்டுப் பிரசுரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அச்சகத்தின் பெயர், வெளியிடுபவர் பெயர், முகவரி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி இது கட்டாயம். மாநிலத் தலைநகரில் அச்சடித்தால், வெளியிடுபவரின் உறுதிமொழியையும் நோட்டீஸின் பிரதியையும் அச்சகத்தார் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். எத்தனை பிரதி, என்ன கூலி என்ற விவரமும் உடன் போக வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு. அந்த எண்ணிக்கையையும் வேட்பாளர் காட்டும் பில்லையும் அருகருகே வைத்தாலே பாதிக் கதை வெளிவந்துவிடும்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில். வரம்பு வேட்பாளருக்குத்தான், கட்சிக்குக் கிடையாது. கட்சி 75 நாட்களுக்குள் கணக்குக் கொடுத்தால் போதும், எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடலாம். கட்சி செய்யும் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1974இல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டே அவசரச் சட்டம் போட்டு அதைச் செல்லாமல் ஆக்கினார்கள். 2003இல் அந்த ஏற்பாட்டை நீக்கிச் சட்டம் திரும்பத் திருத்தப்பட்டாலும், அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் 40 நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவுக்கு இன்றும் விலக்கு உண்டு. மேடையில் வேட்பாளரும் உடன் நின்றால் கூட்டச் செலவு அவர் கணக்கில் ஏறும். அவர் வராமல், அவர் படமும் பெயரும் இல்லாமல் நடந்தால் அது கட்சியின் பொதுப் பிரசாரம். பெரிய தலைவர் பேசும் கூட்டத்தில் உள்ளூர் வேட்பாளரை ஏன் காணோம் என்று இனி யாரும் குழம்ப வேண்டாம்.

ஓட்டுக்குக் கொடுக்கும் பணம் எந்த நிறத் தாளிலும் வராது. ஆரத்தித் தட்டில் விழும் ஐநூறு ரூபாய்க்கு ரசீது ஏது? 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017 ஏப்ரலில் நம் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர் என்று தேர்தலே நின்ற ஊர் நம்முடையது. ஆனால் தேர்தல் லஞ்சத்துக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 173ஆவது பிரிவில் அதிகபட்சம் ஓராண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதுவும் போலீஸ் தானாகக் கையில் எடுக்க முடியாத குற்றம், மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும்.

கணக்கே கொடுக்காதவரை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவின்படி மூன்றாண்டு தகுதிநீக்கம் செய்யலாம். இதில் சிக்குவது பெரும்பாலும் ஆடிட்டர் வைத்துக்கொள்ள வழியில்லாத சுயேச்சைகள். பொய்க் கணக்கு எழுதுவது மட்டுமே, வெற்றியைச் செல்லாததாக்கும் 'முறைகேடான செயல்' ஆகாது, வரம்பை மீறியதை நிரூபிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் சொன்னது. கணக்கு உண்மையா என்று தேர்தல் ஆணையம் விசாரிக்கலாம் என 2014இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நான் எழுத வந்த விஷயம் நாள் கணக்குதான். வென்றவரை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட 45 நாள் கெடு. தோற்ற வேட்பாளர்தான் போட வேண்டும் என்றில்லை, அத்தொகுதியின் எந்த வாக்காளரும் 2,000 ரூபாய் வைப்புத்தொகை கட்டிப் போடலாம். கணக்குக் கொடுக்க 30 நாள். விவரம் தெரிந்தவர் கடைசி நாளில்தான் கொடுப்பார். பலகையில் அறிவிப்பு ஏற இரண்டு நாள். நகல் கேட்டு, பில்களைச் சரிபார்த்து, வக்கீல் பிடித்து, மனு எழுதி, பிரமாணப் பத்திரத்தோடு தாக்கல் செய்ய மிஞ்சுவது 13 நாள், சனி ஞாயிறு உட்பட. அதற்குப் பிறகு என்ன கண்டுபிடித்தாலும் இந்தக் கதவு மூடிவிடும். வழக்கை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்வது வேறு விஷயம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். முடிவு வந்த 31ஆம் நாள் தங்கள் நிருபர் ஒருவரை ரிப்பன் மாளிகைக்கு அனுப்புங்கள். 16 தொகுதிக்கும் வென்றவரின் கணக்கில் இந்த மூன்றை மட்டும் கட்டம் போட்டு வெளியிடுங்கள்: மொத்தத் தொகை, பூத் செலவு, அச்சுச் செலவு. மீதியை அந்தந்தத் தெருக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். எத்தனை நாற்காலி போட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். பார்வைக் கட்டணம் மொத்தம் 16 ரூபாய்.

இப்படிக்கு,
வாக்காளர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை