டைல்ஸைப் பெயர்க்காதே மாப்ளே

ஏற்காடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. பேத்திக்கு முதல் பல் முளைத்த சேதியை வீட்டில் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். இங்கே காபிப் பழம் பறிப்பு முடியும் தறுவாயில் இருக்கிறது. ஆள் கிடைக்காத கஷ்டத்தை நேரில் சொல்கிறேன்.

வாசல் டைல்ஸில் தொட்டி ஸ்டாண்டின் துருக்கறை போகவில்லை, கொத்தனாரை விட்டுப் பெயர்த்துவிடப் போகிறேன் என்று கடைசியில் எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் பொறு.

எங்கள் வீட்டிலும் இதே பாடுதான். அப்பாவின் இரும்பு ஊஞ்சல் போன மழைக்காலம் முழுக்க வெளியிலேயே நின்றது. மூடுபனி இறங்கினால் இந்த ஊரில் தரை எங்கே காய்கிறது? நாலு காலடியிலும் செம்பழுப்பாக வட்டம் விழுந்துவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று பாத்ரூம் ஆசிட்டை ஊற்றினேன். குபுகுபுவென்று நுரைத்தது, நெடி தொண்டையை அடைத்தது. கறை மஞ்சளாகக் கரைந்து பக்கத்து டைல்ஸுக்கும் பரவியது. இடுக்கில் பூசியிருந்த சிமென்ட்டும் அரித்துப் போனது. நீ அந்தத் தப்பைச் செய்யாதே. பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். அது பாசியைப் போக்கும், துருவை இன்னும் அழுத்தமாகத்தான் பிடிக்க வைக்கும். அதோடு ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலுக்கு ஆபத்து.

அம்மா அரிவாள்மனையைப் புளி போட்டுத் தேய்ப்பது ஞாபகம் இருக்கிறதா? கொட்டை எடுத்த புளியை உள்ளங்கையில் பிசைந்து, அலகில் அப்பி, அடுப்பு வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்துதான் தேய்ப்பார்கள். புளித் தண்ணீர் துருநிறத்தில் ஓடும், அடியில் இரும்பு பளிச்சென்று தெரியும். துரு என்பது அழுக்கு இல்லை மாப்ளே. தண்ணீரும் காற்றும் பட்டு மாறிப்போன இரும்பு அது. சோப்புக்கு அசையாது, புளிப்புக்குத்தான் கரையும். அதற்கும் நேரம் கொடுக்க வேண்டும்.

நான் செய்தது இதுதான். மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் தூள் கிடைக்கும், எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் தருவார்கள். ஒரு டம்ளர் சுடுதண்ணீரில் 2 ஸ்பூன் கரைத்து, பழைய பருத்தித் துணியை நனைத்துக் கறைமேல் விரித்தேன். காய்ந்துவிடாமல் இருக்க மேலே பாலிதீன் கவர், அதன்மேல் ஒரு கல். முக்கால் மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் துணி மஞ்சளாக இருந்தது! நைலான் பிரஷ்ஷால் தேய்த்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். கம்பி நார் மட்டும் வேண்டாம்; அதன் பொடி தங்கி மறுபடி துரு பிடிக்கும். மூன்று நாள் இப்படிச் செய்ததில் மூன்று வட்டம் முழுக்கப் போய்விட்டது. நாலாவது, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிறது.

ஒன்றை மறக்காதே. உன் திண்ணையில் இருப்பது கடப்பாக் கல். அது சுண்ணாம்புக்கல் இனம்; எலுமிச்சை பட்டாலே மினுமினுப்பு போய் வெளுத்துவிடும். டைல்ஸோடு நிறுத்திக்கொள். டைல்ஸிலும் முதலில் ஒரு மூலையில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் செய்.

இதை எழுதும்போது நம்ம சேலம் பக்கத்துக் கஞ்சமலைதான் ஞாபகம் வருகிறது. அமாவாசைக்குச் சித்தர் கோயில் போனபோது, உடைந்த ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி ஓடை மணலில் இழுத்துக்கொண்டே நடந்தோமே. கறுப்புப் பொடி மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. உன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் அடி வாங்கினாய். மலையே இரும்புத் தாதுவாக இருக்கிற ஊரில் பிறந்துவிட்டு, ஒரு துருக்கறைக்காக நல்ல தரையை உடைக்கலாமா?

கறை போனாலும், தொட்டியைத் தாங்குகிற அந்த இரும்பு ஸ்டாண்டை அப்படியே திரும்ப வைத்தால் அடுத்த மழையில் பழைய கதைதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு பிரைமர் ஒரு கோட், மேலே பெயின்ட் அடித்துவிடு. காலுக்கு ரப்பர் புஷ் மாட்டு. ஊஞ்சலுக்கு நான்கு புஷ் எனக்கும் வேண்டும், இங்கே அந்த அளவு கிடைக்கவில்லை. ஊஞ்சல் கால் ஒன்றரை அங்குலக் குழாய். வரும்போது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி வா. மாசிக்குள் வந்துவிடு, மிளகு பறிப்பையும் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை