கப்பலேறிய பெண்களின் படிப்பு என்ன ஆயிற்று?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பத்திரிகையைப் பேத்தி போனில் எடுத்துக் கொடுப்பாள், எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு காலை டீயோடு படிப்பேன். சென்னை பர்மா பஜாரைப் பற்றி நீங்கள் போட்டிருந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பர்மாவில் கடையைப் பறிகொடுத்துக் கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள், 1969-இல் பாரிமுனைப் பக்கம் மறுபடி கடை போட்டது, அவர்கள் குடியேறிய வியாசர்பாடி, அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ், எல்லாம் வந்திருந்தது. பேசியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அவர்கள் பட்ட கஷ்டத்தை நான் கண்ணால் பார்த்தவள், அதில் ஒரு சொல்கூட மிகையில்லை. ஆனால் அதே கப்பல்களில் என் வகுப்புப் பெண்களும் போனார்கள். அவர்கள் படிப்பு என்ன ஆயிற்று என்று கட்டுரை முடியும்வரை யாரும் கேட்கவேயில்லை.

அதனால் அந்த ஒரு வருஷத்தைப் பற்றி எழுதுகிறேன். 1964 ஜூன் முதல் 1965 மார்ச் வரை. நான் ஒன்பதாவது. பெண்கள் மட்டும் படிக்கும் கான்வெண்ட், பெயர் வேண்டாம், இப்போது அந்தப் பெயரும் இல்லை. எங்கள் பிரிவில் 42 பேர். தமிழ், குஜராத்தி, சீனர், கரேன், பர்மியர், ஆங்கிலோ-பர்மியர் எல்லாரும் கலந்து உட்கார்ந்திருப்போம். பாடம் இங்கிலீஷில், சண்டை பர்மிய மொழியில், ரகசியம் அவரவர் மொழியில். தமிழ்ப் பெண்கள் மட்டும் 17 பேர்.

பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே அடி விழுந்துவிட்டது. மார்ச் 19-ஆம் தேதி ரங்கூன் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. என் அப்பா மொகல் தெருவில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்குப்பிள்ளை. காலையில் பேனாவைச் சொருகிக்கொண்டு போனவர் பத்து மணிக்கே திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் மே 17-ஆம் தேதி, 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். வரிசையில் நின்று கொடுத்தோம். (1985-லும் 1987-லும் மறுபடி இதே கூத்து நடந்தது, ஆனால் முதல் அடிதான் மறக்கவில்லை.) இதற்கெல்லாம் பிறகுதான் ஜூன் மாதம் மழையில் பள்ளிக்கூடம் போனோம். ரங்கூன் மழை தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஜூனில் பிடித்தால் விடாது. கான்வாஸ் ஷூவுக்கு முந்தின ராத்திரி பூசிய வெள்ளை, தெருமுனைக்குள் கரைந்து வெள்ளைத் தண்ணீராக ஓடும்.

நான் வகுப்பு மானிட்டர். தினமும் காலையில் வருகைப் பதிவேட்டை ஆபீஸுக்குக் கொண்டுபோய் வைப்பது என் வேலை. ஜூலையில் முதல் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. பக்கத்தில் தேதி போட்டு 'லெஃப்ட்' என்று சிஸ்டர் எழுதினார். அடுத்த வாரம் இரண்டு. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் விடவில்லை. மார்ச்சில் போனவர்கள் எண்ணிக்கை 19. அதில் தமிழ்ப் பெண்கள் 13, மற்றவர்கள் குஜராத்திகளும் தெலுங்குப் பெண்ணொருத்தியும்.

போகிறவர்கள் முதல் நாளே சொல்லமாட்டார்கள். வீட்டில் வெளியே சொல்லாதே என்று அடக்கி வைத்திருப்பார்கள். ஆனால் தெரிந்துவிடும். தலையில் பூ வைத்துக்கொண்டு வருவாள், ஆட்டோகிராப் நோட்டை நீட்டுவாள், டிபன் டப்பாவில் இருப்பதையெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவாள். நகையைக் கொண்டுபோக விடவில்லை என்பதால் சிலர் காதில் வேப்பங்குச்சியோடு கடைசி நாள் வந்தார்கள். பர்மியத் தோழி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுத் தன் கம்மலைக் கழற்றிப் பெட்டியில் போட்டாள், அந்த வாரம் முழுக்கப் போடவில்லை. யாரும் அவளிடம் சொல்லவில்லை, தானாகச் செய்தாள். பர்மாக்காரர்கள் எல்லாரும் நம்மைத் துரத்தினார்கள் என்று யாராவது எழுதினால் எனக்கு அவள் முகம்தான் ஞாபகம் வரும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் ஆபீஸில் சிஸ்டர் என்னிடம் கேட்டார்: போன பெண்களில் எத்தனை பேர் டி.சி. வாங்கினார்கள் தெரியுமா என்று. மூன்று பேர். அவர்களுடைய அண்ணன் தம்பிகள் பக்கத்துப் பையன்கள் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள், அங்கே பிரதர்களிடம் விசாரித்திருக்கிறார், ஏறக்குறைய எல்லாப் பையன்களுக்கும் அப்பாமார் வந்து டி.சி. வாங்கிப் போயிருக்கிறார்கள். அப்பாமாரைக் குற்றம் சொல்ல வரவில்லை. எஃப்.ஆர்.சி. என்கிற வெளிநாட்டவர் பதிவுச் சீட்டை ஒப்படைக்க ஓர் ஆபீஸ், கப்பல் டிக்கெட்டுக்கு ஓர் ஆபீஸ் என்று காலில் செருப்புத் தேய அலைந்தார்கள், பணமும் கிடையாது. அந்த அலைச்சலிலும் பையனுடைய பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போகத் தோன்றியது. பெண்ணுடைய பள்ளிக்கூடத்துக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து சிஸ்டர் யாரும் கேட்காமலே டி.சி. எழுத ஆரம்பித்தார். யார் போகப்போகிறார்கள் என்று துப்புச் சொல்வது என் வேலை, பழுப்பு உறையில் போட்டு வீட்டில் கொண்டு கொடுப்பதும் என் வேலை. உறை நனையாமல் இருக்க மெழுகுத் துணியில் சுற்றி, கவுனுக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு போவேன். ஒரு வீடு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காளியம்மன் கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது மாடி, செங்குத்தான மரப்படி. கூடம் முழுக்கத் தகரப் பெட்டி, நடுவில் அம்மாக்காரி எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல் அம்மிக் குழவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உறையை நீட்டியதும் "இது எதுக்கும்மா, அங்க போய் இவளுக்குக் கல்யாணம்தானே" என்றார். என் வகுப்புக்காரி என் கையிலிருந்து உறையை வாங்கி, ஒரு வார்த்தை பேசாமல், பெட்டியில் அடியில் கிடந்த சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். சாமி படத்தை யாரும் வெளியே எடுத்துப் போடமாட்டார்கள் இல்லையா, அதனால்.

அக்டோபரில் புத்த மழைக்கால விரதம் முடிந்து தடிஞ்ஜுட் பண்டிகை விளக்குகள் ஏற்றினார்கள், சூலே பகோடா ஜொலித்தது. பின்னாலேயே வந்த தீபாவளிக்கு எங்கள் தெருவில் பாதி வீட்டில் கோலம் இல்லை. டிசம்பரில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டோம், மூன்று ராஜாக்களில் இரண்டு பேர் ஒத்திகைக்கும் நாடகத்துக்கும் நடுவில் கப்பலேறிவிட்டார்கள். ஏழாம் வகுப்புச் சிறுமிகளுக்குக் கிரீடம் காதுவரை இறங்கியது. ஜனவரி, பிப்ரவரி முழுக்கப் படிப்பு, மார்ச்சில் பரீட்சை, அவ்வளவுதான். 1965 ஏப்ரலில் தனியார் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பெயர்ப் பலகை போய் நம்பர் வந்தது. பத்தாவதில் எல்லாப் பாடமும் பர்மிய மொழியில். நேற்றுவரை இங்கிலீஷில் படித்த பௌதிகத்தை முதலிலிருந்து வேறு சொற்களில் மனப்பாடம் செய்தேன். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலேயே பிரஜா உரிமைக்கு எழுதிப்போட்டு வாங்கி வைத்திருந்ததால் நாங்கள் தங்கினோம். நான் பாஸ் செய்தேன், வேலைக்கும் போனேன். 1966-இல் சிஸ்டரும் நாட்டைவிட்டுப் போகவேண்டி வந்தது.

போன 13 தமிழ்ப் பெண்களில் ஐந்து பேரிடமிருந்துதான் எனக்கு ஏரோகிராம் வந்தது. ஒருத்தி நர்ஸ் வேலைக்குப் படித்தாள், அவள் டி.சி. வாங்கியவள். ஒருத்தியை, இங்கே ஒன்பதாவது படித்தவளை, தமிழில் பாடம் எழுத வராது என்று அங்கே ஏழாவதில் உட்கார வைத்தார்களாம். தன்னைவிட இரண்டு வயது சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டு ஒரு மாதத்தில் நின்றுவிட்டாள். இரண்டு பேர் பள்ளிக்கூட வாசலே மிதிக்கவில்லை, முகாமில் தண்ணீர் பிடிக்கவும் தம்பி தங்கையைப் பார்க்கவும் ஆள் வேண்டியிருந்தது. ஐந்தாவது ஆள், சாமி படத்துக்குப் பின்னால் உறையைச் செருகியவள், "அண்ணனை மட்டும் சேர்த்திருக்கிறார்கள், எனக்கு அடுத்த வருஷமாம்" என்று எழுதினாள். அதற்கடுத்த வருஷமும் அதையே எழுதினாள். அப்புறம் கடிதம் வரவில்லை. இவர்கள் யாரும் மக்குப் பெண்கள் இல்லை சார். அல்ஜீப்ராவில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர்கள் அந்தச் சில வருஷங்களில் பர்மாவிலிருந்து போனார்கள் என்று படிக்கிறேன். பறிபோன கடைக்குக் கணக்கு இருக்கிறது, வீட்டுக்குக் கணக்கு இருக்கிறது, திரும்பி வந்தவர்களுக்குக் கடன் கொடுக்க ரெப்கோ வங்கிகூட ஆரம்பித்தார்கள், நல்ல காரியம். ஒன்பதாவதோடு நின்ற பெண்ணின் பத்தாவதை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. அவர்களுக்கு இப்போது எழுபத்தைந்து வயதிருக்கும். கேட்பதாக இருந்தால் இப்போதே கேட்கவேண்டும். உங்கள் நிருபர் அடுத்த தடவை வியாசர்பாடிக்கோ காரைக்குடிப் பக்கத்துப் பர்மா காலனிக்கோ போனால், திண்ணையில் இருக்கும் தாத்தாவிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்துவிட வேண்டாம். உள்ளே போய்ப் பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள்: ரங்கூனில் எந்த வகுப்புவரை படித்தீர்கள், டி.சி. வாங்கினீர்களா, இங்கே வந்து யார் வேண்டாமென்றார்கள் என்று. எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்பார்கள். டீ குடித்துவிட்டு மறுபடி கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அந்த வருஷம் தையல் வகுப்பில் கண்காட்சிக்காக ஒரு பெரிய மேசை விரிப்புத் தைத்தோம். ஆளுக்கு ஒரு சதுரம், ஆறுக்கு ஏழு, 42 சதுரம், அவரவருக்குப் பிடித்த பூவோ பறவையோ. போனவர்கள் பாதியில் விட்டதை மற்றவர்கள் முடிக்கலாம் என்று மிஸ் சொன்னார், நாங்கள் மாட்டோம் என்றோம். அதனால் விரிப்பு கண்காட்சிக்குப் போகவில்லை. சிஸ்டர் போகும்போது அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரும்புப் பெட்டியில் கற்பூரம் போட்டு வைத்திருக்கிறேன், மழைக்காலம் முடிந்ததும் வெயிலில் காயப்போடுவேன். 19 சதுரம் முடியாமல் இருக்கிறது. சிலதில் பென்சில் கோடு மட்டும்தான்.

கடிதத்தைப் போடுவதாக இருந்தால் இந்தக் கடைசி வரியை வெட்டாமல் போடுங்கள்: 1964-65, ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்சு, நீலநூலில் கழுத்துவரை தைத்து நிறுத்திய மயில், உன் மானிட்டர் ரங்கூனில்தான் இருக்கிறேன், பத்திரிகைக்கு எழுது, எனக்கு அனுப்பி வைப்பார்கள்.

உங்கள் வாசகி,
ரங்கூன்